எல்எஸ்ஸையும் ஹெச்சியையும் கலக்காதே

பாப்பா,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாலிடெக்னிக் லேபில் எத்தனையோ பிள்ளைகள் ஒயர் போட்டதைப் பார்த்தவள் சொல்கிறேன், பிரெட்போர்டில், அந்த சால்டர் பண்ணாமல் ஒயர் சொருகுகிற பலகையில், இவ்வளவு நேர்த்தியாக யாரும் போட்டதில்லை. அப்பாவும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். அதை ராத்திரி மூன்று மணிக்கு அனுப்பியிருக்கிறாய், அதற்கப்புறம் போன் பண்ணினால் எடுக்கவும் இல்லை. சரி, அது இருக்கட்டும்.

கவுன்டர் சரியாக எண்ணுகிறது, அடுத்த ஐசிக்குப் போனதும் தப்பாகிறது என்று எழுதியிருந்தாயே, காரணம் போட்டோவிலேயே இருக்கிறது. எண்ணுகிற கவுன்டர் 74எல்எஸ்161, அடுத்து நின்று அந்த சிக்னலை வாங்கி அனுப்புவது 74ஹெச்சி245. எல்எஸ், ஹெச்சி இரண்டும் 74 வரிசை ஐசிகளில் வேறு வேறு வகை. எல்எஸ் கொடுக்கும் 'ஒன்று' என்கிற சிக்னல் 2.7 வோல்ட்டுக்குக் குறையாது என்பது மட்டும்தான் உத்தரவாதம், 5 வோல்ட்டில் ஓடும் ஹெச்சியோ 3.5 வோல்ட் கேட்கும். பெரும்பாலும் எல்எஸ் மூன்றுக்கு மேலேயே கொடுத்துவிடும், அதனால் ஓடுகிற மாதிரியே இருக்கும், ஒரு நாள் காலை வாரிவிடும். போதாததற்கு கவுன்டரின் அதே அவுட்புட் காலில் எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டியிருக்கிறாய். சிவப்பு எல்இடி அந்த வோல்டேஜை 2 வோல்ட் அளவுக்குக் கீழே இழுத்துவிடும். விளக்கு எரிகிறது, உன் கண்ணுக்கு ஒன்று, ஹெச்சிக்கு அது சைபராகவே படலாம். ரெசிஸ்டர் போடும்மா, இதையெல்லாம் நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

அந்த 245 இருக்கிற இடத்தில் ஹெச்சிடி போடு, எல்எஸ்ஸோடு ஒத்துப்போகிற ஹெச்சி வகை அது. அது 2 வோல்ட்டையே ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் பழையதை எல்லாம் எடுத்துவிட்டு முழுக்க ஹெச்சிக்கே மாறிவிடு, எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. ஒரு எல்எஸ் 245 சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுமார் 50 மில்லிஆம்பியராவது குடிக்கும், ஹெச்சி கிட்டத்தட்ட ஒன்றும் எடுக்காது. 74எல்எஸ்189 மெமரி ஐசி மாதிரி ஹெச்சியில் தேடி அலைய வேண்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் எல்எஸ்ஸில் வை, அது பேசுகிற இடத்தில் ஹெச்சிடி போடு. வேகமென்று ஆசைப்பட்டு 74ஏசி வகை ஐசி வாங்காதே, அது சுவிட்ச் ஆகிற வேகத்துக்கு பிரெட்போர்டு தாங்காது. 4000 சீரிஸ் ஐசிகள் 15 வோல்ட் வரை தாங்கும், ஆனால் 5 வோல்ட்டில் மந்தம், உனக்கு வேண்டாம்.

ஹெச்சிக்கு மாறினால் உபயோகிக்காத இன்புட் ஒன்றையும் எதோடும் சேர்க்காமல் அந்தரத்தில் விடாதே. எல்எஸ் அதை ஒன்று என்று எடுத்துக்கொண்டு பொறுத்துப்போகும், ஹெச்சி நினைத்தபடி ஆடும். ஒவ்வொரு ஐசிக்கும் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று போடு. எல்லாவற்றுக்கும், விடாமல்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் இதை எடுத்து வைப்பாய். போன வாரம் புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு டேட்டாஷீட் கேட்டு மெசேஜ் அனுப்பினாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ஏதாவது சாப்பிடுகிறாயா? எட்டாம் வகுப்பிலேயே என் பழைய ட்ரெய்னர் கிட்டில் தனியாகக் கூட்டல் போடும் ஆடர் சர்க்யூட் போட்டவள் நீ, உன்னால் முடியாதது இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் முடியாத நாளில் சொல்வதற்கும் ஆள் இருக்கிறோம் இல்லையா. மறுபடியும் சொல்கிறேன், ஹெச்சிடி போடு, கப்பாசிட்டரை மறக்காதே.

சித்தப்பா ரிச்சி தெருவில் ஹெச்சி161, ஹெச்சி245, ஹெச்சிடி245 எல்லாம் வாங்கிவிட்டார், பணம் அனுப்ப வேண்டாம் என்றார். எப்போதும் ஆபீஸ் முகவரிக்குத்தானே அனுப்பச் சொல்வாய். இந்தத் தடவையும் அங்கேயே அனுப்பட்டுமா, ரூமுக்கா? அதை மட்டுமாவது சொல்.

அம்மா