அவர் வீட்டில் துணி துவைப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிக்கனக் கட்டுரையில், 'வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது காசு கொடுத்து வாங்கும் சோம்பேறித்தனம்' என்று ஒரு வரி. எழுதியவர் ஆண். அவர் வீட்டில் துணி துவைப்பது யார் என்பதையும் அதே பத்தியில் சொல்லியிருக்கலாம். இடம் போதவில்லை போலிருக்கிறது.

அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று நாங்கள் கேட்டபோது என் அப்பாவும் இப்படித்தான் பேசினார். மெஷின் ஆடம்பரமாம். அதே வருஷம் அவருக்குப் புது ஸ்கூட்டர் வந்தது. அது மட்டும் அவசியம். நனைந்த போர்வையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அம்மா முறுக்குவார். சோப்புக் காரத்தில் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவார். நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் மெஷின் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா படுத்துத் தூங்கி நான் பார்த்ததும் அதற்கப்புறம்தான். இதையா சோம்பேறித்தனம் என்று அச்சில் போட்டீர்கள்?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. 2017-ல் ஆஷ்லி வில்லன்ஸும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளில் 6,000 பேருக்கு மேல் விசாரித்து வெளியிட்ட ஆய்வு உங்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பிடிக்காத வேலையைக் காசு கொடுத்து அடுத்தவரிடம் விட்டவர்கள், வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். வேறு சிலர் கையில் 40 டாலர் கொடுத்து, ஒரு வார இறுதியில் நேரத்தை மிச்சம் பிடிக்கவும் இன்னொன்றில் பொருள் வாங்கவும் சொல்லிப் பார்த்தார்கள். நேரத்தை வாங்கியபோதுதான் அவர்களுக்கு மனம் லேசாக இருந்தது. நெதர்லாந்துக் கோடீஸ்வரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இதற்குக் காசே செலவழிப்பதில்லை என்றும் அதில் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளருக்கு நல்ல கூட்டாளிகள்.

வேலைக்கு வருபவருக்குக் கொடுக்கும் சம்பளம் ஒன்றும் காற்றில் போவதில்லை, அதில் இன்னொரு வீட்டில் அடுப்பு எரிகிறது. அவரிடம் போய்ப் பேரம் பேசுவதைத்தான் உங்கள் பத்திரிகை கண்டித்திருக்க வேண்டும்.

உங்கள் கட்டுரையாளர் அத்தோடு விட்டாரா? மெத்தை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எதுவானாலும் விலை குறைந்ததே போதுமாம். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு படுக்கையில் கழிகிறது. மலிவாக வாங்கிய எங்கள் மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு பேரும் உருண்டு நடுவில் வந்து சேர்வோம். காலையில் யார் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவது என்பதில் எங்களுக்குள் போட்டி. மலிவுச் செருப்பால் என் வீட்டுக்காரருக்கு வந்த குதிகால் வலிக்கு வைத்தியருக்குக் கொடுத்ததில் நல்ல செருப்பு பல ஜோடி வாங்கியிருக்கலாம். ஆனால் புதுசாக ஒரு செல்போன் வந்துவிட்டால் மட்டும் இவர்கள் யாருக்கும் சிக்கனம் ஞாபகம் வராது. போன வருஷம் உங்கள் பத்திரிகையிலேயே செல்போனுக்கு முழுப் பக்கம் ஒதுக்கி, வாங்கியே ஆக வேண்டும் என்று எழுதினீர்களே!

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் புரோகிரசிவ் லென்ஸில், மலிவானதை வாங்கினேன். தெளிவாகத் தெரிகிற இடம் நடுவில் ஒரு கீற்றுப்போலத்தான் இருந்தது, ஓரமெல்லாம் மங்கல். படியிறங்கும்போது கைப்பிடியைத் தேட வேண்டியிருந்தது. பிறகு கூடுதலாகக் கொடுத்து வேறு மாற்றினேன், இப்போது உலகமே தெரிகிறது, உங்கள் வாசகர் கடிதப் பக்கத்தைத் தவிர. எறும்பு வரிசை மாதிரி அவ்வளவு பொடி எழுத்து. இதைப் பற்றி முன்பே எழுதினேன். கடிதத்தில் இருந்த பாராட்டை மட்டும் போட்டு, குறையை வெட்டிவிட்டீர்கள். பெரிய மனசு.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். சந்தாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், மறுபேச்சில்லாமல் கட்டுகிறேன். அந்தக் காசில் கடிதப் பக்கத்தின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். இந்தக் கடிதத்தை வெட்டாமல் போட முடிந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பல வருஷமாகச் சந்தா கட்டிவரும் வாசகி