அந்தப் பையன்கள் வீட்டுக்கு நான் எழுதாத கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்துப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இசைக் கலைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் லிவர்பூல் நகரத்தில் லிவர்பூல் இன்ஸ்டிட்யூட் என்ற ஒரே பள்ளியில் படித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பள்ளி அவர்களுக்கு என்ன செய்தது என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். இசை வகுப்பில் ஆசிரியர் ஒரு இசைத்தட்டை ஓடவிட்டுவிட்டு வெளியே போய்விடுவார், பையன்கள் சீட்டுக் கட்டை எடுத்துவிடுவார்கள் என்று மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்த பேராலயத்தின் பாடகர் குழுவில் சேர 1953-ல் போனார். அங்கேயும் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது பள்ளிக்குப் போகும் பஸ். ஜார்ஜ் ஒரு வகுப்பு கீழே படித்தவர். அவருடைய அப்பா பஸ் டிரைவர். ஒரே பஸ்ஸில் போய் வந்த பழக்கம் கிதார்ப் பேச்சில் போய் முடிந்தது. அதேபோல, பின்னாளில் பீட்டில்ஸில் கூட்டாளியான ஜான் லெனானிடம் மெக்கார்ட்னியை முதன்முதலில் அழைத்துப் போனவரும் உடன் படித்த ஐவன் வான் என்ற மாணவர்தான். 1957 ஜூலை 6-ம் தேதி, ஒரு மாதா கோயில் விழா. லெனான் அப்போது தன் பள்ளிக் கூட்டாளிகளைச் சேர்த்து ஒரு குழு நடத்தி வந்தார். குவாரி பேங்க் என்ற தன் பள்ளிப் பெயரிலிருந்தே அதற்குப் பெயரும் வைத்திருந்தார். கொஞ்ச நாளில் அந்தக் குழுவுக்குள் ஜார்ஜை மெக்கார்ட்னி கொண்டுவந்தார். யோசித்துப் பார்த்தால் எல்லாமே பையன்கள் பையன்களைக் கண்டுபிடித்த கதை. வாத்தியார் யாரும் நடுவில் இல்லை.

வாத்தியார் நடுவில் வந்த கதை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பஞ்ச்கனி என்ற மலையூரில் செயின்ட் பீட்டர்ஸ் என்றொரு விடுதிப் பள்ளி. ஆப்பிரிக்கா பக்கத்துச் சான்சிபார் தீவிலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்த பரூக் புல்சாரா என்ற பார்சிப் பையனுக்கு இசை ஞானம் இருப்பதைக் கவனித்த தலைமையாசிரியர், கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் இவனுக்கு முறையாக இசை சொல்லித்தரலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பையன் பியானோ தேர்வுகள் எழுதினான். உடன் படித்த நான்கு பேரோடு சேர்ந்து 1958-ல் ஹெக்டிக்ஸ் என்று ஒரு குழுவும் தொடங்கினான். பின்னாளில் இங்கிலாந்தின் குவீன் ராக் இசைக் குழுவில் பாடிப் புகழ்பெற்ற பிரெடி மெர்க்குரி அவர்தான்.

அந்தத் தலைமையாசிரியர் எழுதிய கடிதத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நானும் பெற்றோருக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதியவன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது எங்கள் ஊரெல்லாம் தருமபுரி மாவட்டம். 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் பாரதம் நடத்துவதைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. சுற்றுவட்டாரத்தில் ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர். பள்ளி திறந்த பிறகும் ஓடும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் கூத்தில் சின்ன வேஷம் கட்டிப் பாடுகிறவன். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவான். காது மடலுக்குப் பின்னால் மட்டும் அரிதாரம் அப்படியே இருக்கும். இன்னொருவன் மிருதங்கம். அவன் விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடப்பதைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் வந்திருக்கிறான் என்று வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துத் திட்டினேன். அது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான இடந்தலையில் அப்பும் ரவை என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பெஞ்சில் மெதுவாகத் தாளம் கேட்கும். அதற்குச் சரியாக இன்னொருவன் வாய்க்குள் முனகுவான். ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தேன். அப்புறம் வீட்டுக்கு போஸ்ட் கார்டு போட்டேன்: தங்கள் மகன் வகுப்பில் தொடர்ந்து தூங்குகிறான், வருகைப் பதிவு குறைவாக உள்ளது, நேரில் வந்து பார்க்கவும். பாடுகிற பையனின் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். "இனிமே ராத்திரியில அனுப்ப மாட்டேங்க சார்" என்றார். சொன்னபடி நிறுத்தியும் விட்டார். அன்றைக்கு அதை நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மிருதங்கப் பையன் இப்போது பெரிய வாத்தியக்காரன். போன வருஷம் ஒரு கூத்தில் பார்த்தேன். ஆட்டம் முடிந்து விடியற்காலையில் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். பழைய கூட்டாளியைப் பற்றிக் கேட்டேன். பத்தாவதோடு நின்று ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டானாம், பாடுவதே இல்லையாம். "அவன் மட்டும் இருந்திருந்தா எனக்கு வாசிக்கவே வேற மாதிரி இருந்திருக்கும் சார்" என்றான். என்மேல் குறை வைத்து அவன் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருகைப் பதிவேடு இசைக்காரப் பிள்ளைகளைக் கடித்துத் தின்பது இன்று நேற்று நடப்பதல்ல. ஒன்பது வயதில் தந்தையை இழந்து, குடும்பத்துக்காகக் கீபோர்டு வாசிக்கப் போன ஏ.ஆர். ரகுமானும் பள்ளிப் படிப்பைப் பாதியில்தான் விட்டார். அவர் மேலே வந்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் வந்திருக்க முடியும் என்று யார் கணக்குப் போடுவது?

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு தடவை, போட்டி. லிவர்பூல் பையன்களுக்குக் கிடைத்தது தினமும் ஒரு பஸ். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பு. வேப்பனப்பள்ளிப் பக்கமோ தளி மலைப் பக்கமோ கூத்தாடும் வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர். அவர் போடுகிற ஒரு கடிதம் போதும். நான் தூக்கத்துக்குப் போட்ட கார்டில் ஒன்றைப் பாட்டுக்குப் போட்டிருந்தால் அந்த அப்பா அதையும் சாமி வாக்காகத்தான் எடுத்திருப்பார்.

லிவர்பூல் இன்ஸ்டிட்யூட்டை 1985-ல் மூடிவிட்டார்கள். பாழடைந்து கிடந்த கட்டிடத்தை மெக்கார்ட்னி முன்னின்று மீட்க, 1996-ல் அதே இடத்தில் நிகழ்த்துகலைக் கல்லூரி திறந்தது. நமக்கு அவ்வளவு பெரிய வேலை வேண்டாம். பாரதம் நடக்கிற ஊர்களில் ஆடும், வாசிக்கும் பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் முதல் இரண்டு பீரியடை மட்டும் தளர்த்தித் தரட்டும். மாலை நாலரை மணிக்கு மேல் ஒரு வகுப்பறையைப் பூட்டாமல் விடட்டும். ஒரு ஆர்மோனியமும் ஒரு மிருதங்கமும் அங்கே இருக்கட்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் இதற்கு ஒப்புக்கொண்டால் ஆர்மோனியத்தை நான் வாங்கித் தருகிறேன். சாயங்காலம் சாவி வாங்கித் திறக்கவும், பையன்கள் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்து பூட்டவும் ஆள் வேண்டுமென்றால் அதற்கும் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.