எந்த வண்டி வாங்குவது என்று கேட்டாயே

அன்பு மகள் இசக்கிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். காற்று தொடங்கிவிட்டது; வாழைக்கு முட்டுக் கொடுத்து முடித்துவிட்டோம்.

பெங்களூருவில் ஓட்ட மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொல்லி, எது நல்லது என்று போனில் அப்பாவிடம் கேட்டாய். நீ போனை வைத்ததும் இங்கே மூண்ட வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அப்பா வாயில் புல்லட்டைத் தவிர வேறு பெயர் வரவில்லை. வாழைத்தார் விலை கேட்க வந்த மாமா, வந்த வேலையை மறந்து யமஹா ஆர்எக்ஸ் 100 புராணம் பாடினார். சித்தப்பா ஸ்பிளெண்டர் கட்சி. நீ எந்தச் சாலையில் ஓட்டப் போகிறாய், உன் கால் தரையில் எட்டுமா என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்து போன வண்டிகள் எல்லாவற்றிலும் பின் சீட்டில் உட்கார்ந்தவள் நான். பெட்ரோல் கணக்கும் பழுதுச் செலவும் எழுதியவளும் நான்தான். அதனால் நானும் சொல்கிறேன், கேள்.

மாமா சொல்வதில் பொய் இல்லை. 98 சிசி எஞ்சினில் 11 குதிரைத்திறன், எடையோ நூறு கிலோ அளவுதான். டூ ஸ்ட்ரோக் என்பதால் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் வெடித்துத் தள்ளும், முறுக்கியதும் பாயும். ஆனால் பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும், புகையும் கக்கும். 1985-இல் வந்தது, 1996-இல் நிறுத்திவிட்டார்கள். இன்று வாங்கினால் உன்னைவிட வயதில் மூத்த வண்டியைத்தான் வாங்க வேண்டும். அதற்கு இப்போது கேட்கிற விலை மாமாவின் இளமைக்கான விலை. அதை நீ ஏன் கொடுக்க வேண்டும்?

அப்பாவின் புல்லட் பக்தி கொஞ்சம் வேடிக்கையானது. அதைச் செய்யும் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இங்கிலாந்தில் பிறந்தது. ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட, 1955-இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கியது. பிறகு 1970 வாக்கில் தாய் நிறுவனம் மூடிப்போக, சென்னை வண்டிதான் பெயரைக் காப்பாற்றியது. 1994-இல் அதுவும் ஐஷர் என்ற வேறொரு கம்பெனி கைக்குப் போனது. அப்பா உயிராக நினைக்கும் வார்ப்பிரும்பு எஞ்சின் எப்போதோ போய்விட்டது. 2020-இல் வந்த 349 சிசி எஞ்சினில் அதிர்வைக் குறைக்கத் தனித் தண்டே வைத்திருக்கிறார்கள். பழைய புல்லட்டின் பின் சீட்டில் திருச்செந்தூர் வரை போய் வந்த என் இடுப்புக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. அப்பாவோ, அதிர்வு இல்லாவிட்டால் அது புல்லட்டே இல்லை என்கிறார். அப்படியானால் அவர் விசுவாசம் எதன்மேல் என்று கேட்டேன். பேப்பரை விரித்துக்கொண்டார்.

சித்தப்பாவுக்கும் அதே கேள்விதான். ஸ்பிளெண்டரைச் சேர்ந்து செய்த ஹீரோவும் ஹோண்டாவும் 2010-இல் பிரிந்து, டேங்கில் இருந்த பெயரில் பாதி போயிற்று, 97.2 சிசி எஞ்சின் மட்டும் தொடர்ந்தது. டிவிஎஸ்ஸும் சுசுகியும் 2001-இல் பிரிந்தன. மைசூரில் எஸ்டி மோட்டார் சைக்கிள் செய்த தொழிற்சாலை 1996-இல் மூடிப்போனது. அந்தப் பெயர் 2022-இல் வேறு ஒரு நிறுவனத்தின் வண்டியில் திரும்பி வந்தது. கம்பெனிகள் இப்படிக் கூடிப் பிரிந்து கைமாறிக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

என் பாசத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பா சொல்லிக்காட்டுவார். டிவிஎஸ் சுந்தரம் ஐயங்கார் பிறந்தது என் பிறந்த ஊரான திருக்குறுங்குடியில். 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கியவர். பின்னாளில், 1980-இல், ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இந்தப் பக்கத்து வயல் வரப்புக்கும் பால் கேனுக்கும் வாழைத்தாருக்கும் அந்த மொபெட் வகைக்கு ஈடு நான் பார்த்ததில்லை. ஆனாலும் பெங்களூரு ரிங் ரோட்டுக்கு அதை வாங்கு என்று சொல்ல மாட்டேன்.

நீ சின்னவளாக இருந்தபோது தொழுவத்தில் சாக்குப் போர்த்தி ஒரு வண்டி நின்றது ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி பெயர் வேண்டாம். அதற்காகச் சண்டைக்கு வர இன்னும் ஆள் இருக்கிறது. ஓடினவரை நல்ல வண்டி. ஒரு சின்னச் சாமான் போனது. களக்காட்டில் இல்லை, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இல்லை, சென்னையிலிருந்து வரும் வரும் என்று மாதங்கள் போயின. அன்றிலிருந்து ஒரு வண்டி நம்பகமானதா என்று யாராவது கேட்டால், பக்கத்தில் சாமான் கிடைக்குமா, கை வைக்கத் தெரிந்த ஆள் உண்டா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். முன்பெல்லாம் நம் மெக்கானிக் அண்ணாச்சி திருப்புளியால் கார்புரேட்டரைத் திருகியே சரி செய்துவிடுவார். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். கோளாறு எங்கே என்று கருவி மாட்டிப் பார்க்க வேண்டும். அதனால் உன் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே எந்தக் கம்பெனியின் சர்வீஸ் நன்றாக இருக்கிறது என்று, அங்கே வண்டி விட்டவர்களிடமே விசாரி. ஷோரூம்காரரிடம் கேட்காதே.

எடையையும் பார். ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 வண்டி 195 கிலோ. அதே கம்பெனியின் ஹண்டரும் ஹோண்டா ஹைனெஸ் சிபி 350-யும் 181 கிலோ. டிவிஎஸ் ரோனின் 160 கிலோ அளவு. ஓடும்போது எடை தெரியாது. பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போதும், சாய்ந்த வண்டியை நிமிர்த்தும்போதும்தான் தெரியும். உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிப் பார். ஒருமுறை தள்ளிப் பார்க்காமல் முன்பணம் கட்டாதே. டியூப்லெஸ் டயர் உள்ளதாக எடு. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டலாம். ராத்திரி நேரத்தில் நடுவழியில் நிற்க வேண்டாம்.

ஊருக்கு ஓட்டி வருவதாக இருந்தால் மதுரையில் தங்கி வா. நாகர்கோவில் பெரியம்மா வீட்டுக்கும் வண்டியிலேயே போவேன் என்று அடம்பிடித்தால், ஆடி கழியட்டும். பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். எந்தக் கம்பெனி வண்டியையும் விடாது.

நீ எந்த வண்டியில் வந்தாலும் அப்பா முதலில் ஒரு குறை சொல்லிவிட்டு, பிறகு சாவியைக் கேட்பார். கொடு. ஆனால் பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவர் காலுக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அதை எடுத்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா