எங்கள் மகளுக்காக வந்து நின்றவர்களுக்கு

தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம் உறவுகளே, வணக்கம்.

லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்த என் மகளுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது வீட்டில் இருக்கிறாள். எல்லோரையும் நேரில் பார்க்க முடியாததால் இந்த மடல்.

முதலில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களைக் கொடுத்த தம்பிகளுக்கு நன்றி. எலும்புக்குள் ரத்தம் ஊறும் பழைய மஜ்ஜையைக் கீமோவால் அழித்துவிட்டால், புது செல்கள் ஊன்ற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஊரார் ரத்தத்தில்தான் பிள்ளை பிழைக்க வேண்டும். பிளேட்லெட்டோ ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. ராத்திரியெல்லாம் கண்விழித்து, மீன் ஏலம் முடித்த கையோடு வந்த ஒரு தம்பியை, தூங்கிச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இரண்டு கையையும் நீட்டி, "எதுல நரம்பு நல்லா இருக்குன்னு பாருங்க சிஸ்டர்" என்றார். அவரை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

குக்கரில் வெந்ததைச் சூடு ஆறாமல் கட்டிக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி.

ஸ்டெம் செல் கொடுக்க, கூடப்பிறந்தவரோடு முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். என் மகனுக்கு அமைந்தது. செல்கள் ரத்தத்தில் இறங்க ஊசி போட்ட நாட்களில் இடுப்பு வலியைத் தங்கச்சிக்குத் தெரியாமல் மறைத்தான். நல்லா இருப்பா, ராசா.

அப்புறம் டாக்டர் அம்மா. அவரிடம் நன்றி சொன்னபோது, "எனக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்று அமெரிக்க டாக்டர் ஈ. டோனல் தாமஸைப் பற்றிச் சொன்னார். அவர் 1957-இல் வெளியிட்ட அறிக்கையில் மஜ்ஜை ஏற்றப்பட்ட நோயாளிகள் ஆறு பேர். ஒருவரும் நூறு நாள் தாண்டவில்லை. மற்ற பலர் இந்த வேலையையே விட்டுவிட, தாமஸ் தன் மனைவி டாட்டியோடு ஆய்வுக்கூடத்தில் நாய்களை வைத்துப் பல வருடம் உழைத்தார். பொருத்தம் பார்ப்பதும், புது செல்கள் உடம்பைத் தாக்காமல் இருக்க மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கொடுப்பதும் அங்கே தெளிவானது. 1990-இல் நோபல் பரிசு வந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது.

என் மகளுக்கும் அதே மெத்தோட்ரெக்சேட்தான் போட்டார்கள். அவள் நூறு நாளைத் தாண்டிவிட்டாள். முகம் தெரியாத அந்த ஆறு குடும்பங்களுக்கும் கைகூப்புகிறேன்.

தம்பிகளே, இன்னொன்றும் கேட்கிறேன். வீட்டில் பொருத்தம் கிடைக்காதவர்களுக்காகச் சென்னையிலேயே தாத்ரி என்ற கொடையாளர் பதிவகம் இருக்கிறது. 18 முதல் 50 வயது வரை பதியலாம், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும். வருகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள், நானே கூட்டிப்போகிறேன்.