மோர்கன் காருக்கு மரச் சேஸ் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அதில் மோர்கனுக்குக் கிடைத்தது இரண்டே வரி. மரச் சேஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) ஓடுகிற கார், பழமை மோகத்தால் பிழைத்துக் கிடக்கிறது என்று. இரண்டுமே தவறு.

மோர்கனின் சேஸ் என்றைக்குமே மரமாக இருந்ததில்லை. 1936-இல் வந்த முதல் நான்கு சக்கர வண்டியின் எஃகுச் சேஸ் அமைப்பே, சிறு மாற்றங்களோடு, 2020 வரை வந்தது. இப்போது வருபவை அலுமினியம். மரம் இருப்பது பாடியில். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடியில் இரும்பு, மேலே தச்சு வேலை. மோர்கனில் 'ஆஷ்' என்ற மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் தகட்டைப் போர்த்துகிறார்கள். பின்சக்கர வளைவுக்கு மெல்லிய மரப்பட்டைகளைப் பசை போட்டு அடுக்கி, அச்சில் இறுக்கி வளைப்பார்கள். அடித்தால் சட்டென்று முறியாத, எடை குறைந்த மரம் அது. அலங்காரத்துக்காக வைத்ததல்ல.

அப்புறம் பிழைத்த கதை. நிறுவனத்தைத் தொடங்கிய எச்.எஃப்.எஸ். மோர்கன் ஒரு பாதிரியாரின் மகன். 1909-இல், இங்கிலாந்தின் மால்வெர்ன் ஊரிலுள்ள கல்லூரிப் பட்டறையில், அங்கே பொறியியல் கற்பித்த ஆசிரியரின் உதவியோடு, பெஜோ எஞ்சினை வைத்து மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். தொழில் தொடங்கப் பணம் தந்தவர் அப்பாதான். 1910-இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்கு வந்த வண்டியில் ஒரே ஒரு இருக்கை, பெரிதாக விற்கவில்லை. அடுத்த ஆண்டே இரண்டு இருக்கை வைத்தார். அந்த வண்டி லண்டனின் பெரிய அங்காடியான ஹாரட்ஸ் கடையின் கண்ணாடி ஜன்னலில் நின்றது.

எஞ்சினைச் சொந்தமாகச் செய்ய அவர்கள் பணத்தைக் கொட்டவில்லை. கவென்ட்ரி கிளைமாக்ஸ், ஸ்டாண்டர்ட், டிரையம்ஃப், ஃபோர்டு, 1968-இல் ரோவரின் வி8 (எட்டு சிலிண்டர்), இன்று பிஎம்டபிள்யூ என்று வெளியிலேயே வாங்கினார்கள். மோர்கன் நிலைத்ததற்கு முதல் காரணமாக நான் நினைப்பது இதைத்தான்.

இரண்டாவது, விற்க மறுத்தது. 1950-களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் கார் நிறுவனத்தின் தலைவர் சர் ஜான் பிளாக் மோர்கனை விலைக்குக் கேட்டார். குடும்பம் கொடுக்கவில்லை. அவர் டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து போட்டிக்கு நின்றார். அந்த டிஆர் வரிசை 1981-இல் நின்றுவிட்டது. மோர்கனோ 1962-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 2 லிட்டர் பிரிவை வென்று, வீட்டுக்கும் அதே காரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிற நிலையில் இருந்தது. 1990-இல் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பிபிசி நிகழ்ச்சியில், தொழில் நிர்வாகி சர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ் உற்பத்தியைக் கூட்டச் சொன்னபோதும், ஆண்டுக்கணக்கில் நீண்ட காத்திருப்போர் பட்டியலை வைத்துக்கொண்டு, அவசரப்பட மறுத்தார்கள். இதையா பழமை மோகம் என்பது?

2019-இல் பெரும்பான்மைப் பங்கு இத்தாலிய முதலீட்டாளர்களுக்குப் போனது உண்மை. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் மால்வெர்ன் தொழிற்சாலையில் இன்றும் தச்சர்கள் ஆஷ் மரத்தை இழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சேஸ் பற்றிய அந்த வரியையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்செங்கோடு