கச்சான் காற்று மழையாகிற இடம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் போடாததற்குப் பாதிக் காரணம் சோம்பல், பாதி பயணம். இங்கே திருகோணமலையில் வெயில் என்றால் சொல்லி வேலையில்லை. ஆடி பிறந்ததிலிருந்து கச்சான் காற்று அள்ளி வீசுகிறது, மேசையெல்லாம் புழுதி, கிணற்றில் வாளி அடியில் தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. கோட்டையடி மான்கள் எங்கட ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டன. போன கிழமை ஒன்று வந்து அம்மாவின் செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டுப் போனது. அம்மா அதற்கு ஏசவும் மாட்டா, பாவம் தண்ணி விடாய் என்று பேசினில் தண்ணி வைக்கிறா.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மூத்தவள் பிடித்த பிடியில் பள்ளிக்கூட விடுமுறைக்குத் தென்மேற்கிலுள்ள சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போய் வந்தோம். விடிய நாலு மணிக்கு வான் வண்டியில் வெளிக்கிட்டு, ஹபரணையில் ஒரு தனியன் யானை தெருவை விடும்வரை காத்திருந்து, இரத்தினபுரி, கலவானை தாண்டிக் கூடாவ கிராமத்துக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. இரத்தினபுரிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது, அங்கே நின்ற மூன்று நாளும் அது முழுதாக விட்டதாக எனக்கு நினைவில்லை.

அங்கே வாசலில் நனைந்துகொண்டு நின்றபோதுதான் ஒரு விசயம் மண்டையில் ஏறியது. இங்கே எங்கட உதட்டை வெடிக்க வைக்கிற இதே கச்சான்தான் அங்கே மழை. தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று அந்த மலைச்சரிவில் ஏறும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டிக் காய்ந்துபோய் எங்களிடம் வருகிறது. சமூகக்கல்விப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் படித்த விசயம்தான், பரீட்சையிலும் எழுதினேன், விளங்கினது என்னவோ நாற்பத்தெட்டு வயதில்! எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி தொடக்கம் வடகிழக்கு வாடைக் காற்றோடு வருகிற நாலு மாதம். அங்கே வாடைக்கும் மழை, கச்சானுக்கும் மழை, வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்குக் குறையாது.

அட்டையைப் பற்றிக் கேட்காதே. காலுறைக்கு வெளியே சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் போனோம், என்றாலும் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் இடுப்புப் பட்டிக்குக் கீழே ஒன்று திராட்சைப் பழம் மாதிரி ஊதிக் கிடந்தது. கடிப்பது தெரியாது. விழுந்த பிறகு இரத்தம் நிற்காது, அதுதான் அதன் கெட்டித்தனம். நடக்கும்போது இலைச்சருகின் மேல் நூல் நூலாக எழுந்து நின்று எங்கட பக்கம் தலையைத் திருப்புவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள்.

பெயர் என்றதும்தான் எனக்கு உறுத்தியது மச்சான். எங்கட பக்கத்துக் காட்டில் நீயும் நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோமே, இது பாலை, இது வீரை, இது முதிரை, அது கருங்காலி என்று. பாலைப்பழக் காலத்தில் கரடி நிற்கும், உள்ளே போகாதே என்று உன் அப்பா சொன்னது உட்பட நினைவிருக்கிறது. சிங்கராஜாவில் எனக்கு வாய் அடைத்துவிட்டது. தலையை நிமிர்த்தினால் தொப்பி விழுகிற உயரத்தில் மரங்கள், அடியில் பலகை பலகையாகப் புடைத்த வேர்கள், ஒன்றுக்கும் எனக்குத் தமிழில் பெயர் தெரியாது. அங்கேயுள்ள மர வகைகளில் நூற்றுக்கு 60க்கு மேல் இலங்கையைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இல்லையாம், அப்படியென்றால் பக்கத்து நாட்டுத் தமிழிலும் பெயர் இருக்க நியாயமில்லை. வழிகாட்டி பெடியன் சிங்களத்தில் ஹொர, தூன் என்று சொல்லிக்கொண்டே போனான். மகள் கொப்பியில் எழுதினாள். எனக்குத் தெரிந்த முகமாக நின்றது நாகமரம் ஒன்றுதான், கொழுந்து இலை இரத்தச் சிவப்பாக.

இன்னொன்று அவனே காட்டினான். மரத்தில் சுற்றி ஏறிய ஒரு தடித்த கொடி, அறுபட்ட இடத்தில் மஞ்சள். மணந்து பார்த்துவிட்டு "மரமஞ்சள்!" என்று கத்திவிட்டேன். தடிமல், காய்ச்சல் என்றால் அம்மம்மா கொத்தமல்லியோடு போட்டு அவிப்பாவே, அந்தக் கைக்கும் அந்தக் குச்சி. மருந்துக்கடைப் பைக்கற்றுக்குள் மட்டும் பார்த்த சாமான் காட்டில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவனுடைய தகப்பன் கித்துள் மரம் சீவிப் பாணி காய்ச்சுகிறவர். அன்று இரவு அவர்கள் வீட்டில் தயிரும் கித்துள் பாணியும் தந்தார்கள், போத்தலில் அடைத்து விற்கிற பாணியெல்லாம் அதன் முன்னால் சீனித் தண்ணி.

இரண்டாம் நாள் காலையில் பறவைக் கூட்டம். காடு கம்மென்று இருந்தது, திடீரென்று ஒரே சலசலப்பு, மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு சாதிப் பறவைகள் ஒன்றாகப் பாதையைக் கடந்தன. செம்மஞ்சள் அலகுள்ள தவிட்டுக்குருவிகள் சந்தைப் பெண்கள் மாதிரிக் கதைத்துக்கொண்டு முன்னால் போக, மேலே கொண்டை வைத்த கரிக்குருவி காவல். கீழே போகிறவை இலையைக் கிளற, பறக்கிற பூச்சியைக் கரிக்குருவி பிடித்துக்கொள்ளும். பருந்து வந்தால் முதலில் சத்தம் போடுவதும் அதுதான். இந்தக் கூட்டத்தை ஆராய்ச்சிக்காரர் பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டு இருக்கிறார்களாம். ஐந்து நிமிசத்தில் எல்லாம் போய்விட்டது, பிறகு பழையபடி மழைச் சொட்டுத்தான்.

ஒரு குட்டி ஆந்தையையும் காட்டினான், பன்னப் பற்றைக்குள், எட்ட நின்று. செங்கபில நிறம், என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. 1995இல் தீபால் வாரக்காகொட என்கிறவர் இரவில் புதுக் குரல் ஒன்றைக் கேட்டு, 2001இல்தான் ஆளைக் கண்டுபிடித்தாராம். இந்தச் சின்ன நாட்டில் ஒரு ஆந்தை அதுவரைக்கும் ஒளித்திருந்திருக்கிறது. இதில் கோபம் வருகிற விசயம், 1970களில் ஒட்டுப்பலகைக்காக யந்திரம் இறக்கி அந்தக் காட்டையே வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஆட்கள் எதிர்த்துக் கத்தி, 1977 அளவில் நிற்பாட்டி, 1988இல் உலக மரபுரிமை என்றாக்கினார்கள். அன்று கத்தாமல் விட்டிருந்தால் அந்த ஆந்தை யாருடைய காதிலும் விழாமலே போயிருக்கும்.

மகள் கேட்டாள், "அப்பா, இந்தக் காட்டில் முந்தி ஆட்கள் இருக்கவில்லையா?" என்று. இருந்திருக்கிறார்கள். மேற்கே பாஹியன்கல குகையில் எடுத்த எலும்பு அம்புமுனைகள் சுமார் 48,000 ஆண்டுப் பழசாம். இந்த மாதிரி மழைக்காட்டில் நின்று மந்தியையும் மர அணிலையும் அம்பால் அடித்துத் தின்றிருக்கிறார்கள். மான் மாதிரி நிலத்தில் நிற்கிற மிருகமா, அது கொப்பு விட்டுக் கொப்புப் பாய்கிற சாமான், எப்படித்தான் குறி வைத்தார்களோ.

அப்போதுதான் எனக்கு எங்கட பழங்குடி வேடர்கள் ஞாபகம் வந்தது. தம்பானையில் இருக்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும், கோடரியைத் தோளில் போட்ட படத்தோடு. 1983இல் மாதுறு ஓயாவைத் தேசிய பூங்கா ஆக்கி அவர்கள் வேட்டையாடிய காட்டையே அவர்களுக்கு மூடிவிட்டார்கள், பிறகு தலைவரான வன்னில எத்தோ 1996இல் ஜெனீவா வரைக்கும் போய் ஐ.நா.வில் பேசினார். ஆனால் மூதூர், வெருகல், வாகரைப் பக்கம் தமிழ் கதைத்துக்கொண்டு களப்பில் மீன் பிடித்து, தேன் எடுத்து, கூலிக்குப் போகிற கடலோர வேடர்களை யார் படம் எடுத்தார்கள்? 2004இல் சுனாமி, 2006இல் சண்டை, எல்லாவற்றிலும் அவர்களும் எங்களோடு சேர்ந்துதான் ஓடினார்கள், எந்தப் பட்டியலில் போட்டார்களோ.

மூதூர்ப் பக்கம் கொட்டியாறில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட நொக்ஸ் என்ற வெள்ளைக்காரனை உனக்குத் தெரியும், மூதூர்ப் புளியமரக் கதை. அவன் வேடரைப் பற்றியும் எழுதியிருக்கிறான். அம்பு தேவைப்பட்டால் இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் எந்த வடிவத்தில் அம்பு வேண்டுமோ அப்படி வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் செய்து வைத்தால் எடுத்துக்கொண்டு இன்னும் இறைச்சி வைப்பார்கள். ஒரு சொல்லும் கதைக்காமல் வியாபாரம். இறைச்சியை மரப்பொந்தில் தேனுக்குள் போட்டுக் களிமண்ணால் அடைத்து வைப்பார்களாம், எங்கட குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் நாறுகிறது.

எங்களோடு ஒன்பதாம் வகுப்பில் பின் வாங்கில் இருந்தவனை மறக்கவில்லைதானே, மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் நின்றவன். நாங்கள் "வேடன், வேடன்" என்று பட்டம் தெளித்தோம். அவனும் சிரித்துக்கொண்டு இருந்தான், பிறகு ஒரு தவணையோடு வரவேயில்லை. கன்னியா பக்கம் எல்லோரும் போன அன்று, நாங்கள் பாலை, வீரை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போக, அவன் ஒவ்வொன்றுக்கும் எது தேன்பூச்சி கூடு கட்டும் மரம், எதன் பட்டையில் கயிறு திரிக்கலாம், எந்தக் கிழங்கை எத்தனை தரம் அவித்துத் தண்ணி ஊற்றவேண்டும் என்று சொன்னானே. நான் பாதி காது கொடுத்தேன். இப்போது மகள் கேட்கிறாள், எனக்குக் கிழங்கின் பெயரே வரவில்லை.

வருகிற ஞாயிறு மூதூர்ப் பாலங்களைத் தாண்டிப் போய் விசாரித்துப் பார்க்கப் போகிறேன். உனக்கு அவனுடைய ஊர்ப் பெயர் நினைவிருந்தால் உடனே எழுது, நீதான் அவனோடு ஒரு நோன்மதி விடுமுறைக்கு வீட்டுக்கெல்லாம் போனவன். இப்போது அந்தப் பக்கம் பாதை நல்லது, முந்தின மாதிரி படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தேன் கிடைத்தால் ஒரு போத்தல் எடுத்து வைக்கிறேன், உன் தங்கச்சி மார்கழியில் வரும்போது கொடுத்துவிடலாம். அவளிடம் இப்போதே சொல்லி வை, போன முறை மாதிரிப் பெட்டியில் கருவாட்டுக்கு மட்டும் இடம் விட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று.

உன் பழைய வாங்குக்காரன்,
திருகோணமலை