பாலம் ஏன் ஆடியது?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காய்ச்சல், உடனே எழுத உட்கார முடியவில்லை. இப்போது தேவலை.

லண்டனில் தேம்ஸ் நதி மேல் இருக்கும் மில்லேனியம் நடைபாலத்தை, நடந்துபோன ஜனங்களின் கால்களே ஆட்டினவாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். எனக்கு இதைப் புரிய வைத்தது மில்லில் இருந்த ஒரு ப்ளோவர், அதாவது காற்றை ஊதித் தள்ளும் பெரிய விசிறி.

இரும்பு மேடை மேல் நின்ற அதற்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் புதிதாகப் போட்டோம். நிமிஷத்துக்கு 1440 சுற்றில் அமைதியாக ஓடிய மெஷின், 1080-க்கு இறக்கியதும் மேடையையே உதற வைத்தது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் முழங்கை வரை கூசும். 900-க்கு இறக்கினால் அடங்கிவிடும். வேகம் குறைந்தால் விசையும் குறையத்தானே வேண்டும்? இரண்டு நாள் பேரிங்கையும் கப்ளிங்கையும் கழற்றி மாட்டினோம். பிறகு மெஷினை நிறுத்தி, மேடையை மரக்கட்டையால் ஓங்கித் தட்டி, சென்சார் வைத்துப் பார்த்தோம். நொடிக்கு 18 அதிர்வு. 1080-ஐ 60-ஆல் வகுத்துப் பார், அதே 18!

மேடைக்கென்று ஒரு இயல்பு அதிர்வெண் இருக்கிறது, அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்கிற கணக்கு. விசிறியில் துளி எடை ஒருபக்கம் கூடியிருந்தாலும், சுற்றுக்கு ஒருமுறை அது மேடையை உந்தும். மேடை அசைகிற கணக்கிலேயே உந்தல் வந்து விழுந்தால், ஒவ்வொன்றும் முந்தினதோடு சேரும். வெல்டு செய்த இரும்பு அதை லேசில் தணிக்காது. கான்கிரீட் கொட்டிக் கனமாக்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எடை கூடினால் அதிர்வெண் இறங்கும், தொல்லை குறைந்த வேகத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மேடையின் கால்களுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து விறைப்பாக்கினோம். அதிர்வெண் நொடிக்கு 33-க்கு ஏறியது. மெஷின் 1440-ல் ஓடினாலும் நொடிக்கு 24 சுற்றுதானே. அதற்குப் பின் எந்த வேகத்திலும் நடுக்கம் இல்லை.

பாலத்தின் கதையும் இதேதான். நாம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். இடது கால் ஒருபக்கம், வலது கால் மறுபக்கம் தள்ளுவதால், பக்கவாட்டு விசை நொடிக்கு ஒருமுறைதான் முழுச்சுற்று வரும். அந்தப் பாலத்தின் பக்கவாட்டு அசைவுகளில் சிலவும் அதை ஒட்டியே இருந்தன. லேசாக ஆடியதும் ஜனங்கள் விழாமலிருக்கக் கால்களை அகட்டி ஊன்ற, தள்ளல் இன்னும் பலத்தது. ஆள் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியாது, தாண்டியதும் ஆட்டம் திடீரென்று பெருகிவிடும். 2000 ஜூன் 10-ல் திறந்தார்கள், இரண்டே நாளில் மூடினார்கள். அங்கே விறைப்பைக் கூட்டினால் பாலத்தின் மெல்லிய வடிவமே கெட்டிருக்கும். அதனால் அசைவை உறிஞ்சுகிற 37 திரவத் தணிப்பான்களையும், வேறு எடைத் தணிப்பான்களையும் பொருத்தி 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை உண்டு.

அடுத்த முறை போகும்போது கரையில் நின்று பாலத்தின் அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அந்தத் தணிப்பான்களை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க ரொம்ப ஆசை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமசாமி